சோப்பு நுரையும் கேப்டனின் சிரிப்பும்

1

இந்தக் கதை என் நாத்தனாரிடமிருந்து சுட்டது. அவள் விளம்பரப் படங்களுக்கு நுரை அடிப்பவள். பீர் விளம்பரத்தில் கோப்பையின் விளிம்பில் தொப்பி மாதிரி நிற்கிறதே, அது அவள் கைவண்ணம். அப்படி ஒரு வேலை இருப்பதே, அவள் என் சமையலறைக் கிண்ணத்தில் அடித்துக் காட்டும்வரை எனக்குத் தெரியாது. [நாத்தனாரும் நானும் சிரித்துப் பேசுவோம் என்பதை நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரிக்க, கேப்டன் பந்தை..."

வேண்டாம். இந்தக் கதையில் யாரும் பந்தை உதைக்கப் போவதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "கேப்டன் குடியை விட்டுவிட்டான்." இது தேவலை. விட்டது அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ஜெயித்த அன்று கூட்டாளிகள் பாட்டிலை நீட்டினால், "முட்டிக்கு மாத்திரை சாப்பிடுறேன்டா" என்று மழுப்புவான். முட்டிக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஆனால் அணியின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு பீர் கம்பெனியின் பெயர். அதைச் சுமந்துகொண்டுதான் அவன் குடிக்காமல் ஓடினான். அந்தக் கம்பெனி ஒருநாள் விளம்பரத்தில் நடிக்கக் கூப்பிட்டது. ஒப்பந்தப்படி போயே ஆக வேண்டும்.

3

ஒப்பனை அறையிலிருந்து மனைவிக்குப் போன் செய்தான்.

"ஒரு வாய் குடிச்சாப் போதும்னு டைரக்டர் சொல்றாரு."

"உங்களுக்கு ஒரு வாயோட நிறுத்தத் தெரியுமா?"

கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திலிருந்து அவன் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"முடியாதுன்னு சொல்லிட்டுக் கிளம்பி வாங்க."

"ஏன்னு கேப்பாங்களே!"

"குடிகாரனா இருந்தேன், இப்ப இல்லன்னு சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்?"

'கூப்பிடுறாங்க' என்று போனை வைத்துவிட்டான்.

[இந்த இடத்தில் எனக்கே அவன்மேல் சந்தேகம். எதிரணி மொத்தமும் பாய்ந்து வந்தாலும் அசராதவன் ஒரு கோப்பைக்கு நடுங்குவானா? கொஞ்சம் தைரியம் ஏற்றி எழுதிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. பயப்படட்டும், பாவம்.]

4

விளக்குகள் எரிந்தன. "சார், ஜெயிச்ச சந்தோஷம் முகத்துல தெரியணும்" என்றார் டைரக்டர். கோப்பை கைக்கு வந்தது. பொன்னிறம், வெள்ளை நுரை. கண்ணை மூடிக்கொண்டு கோப்பையைச் சாய்த்தான்.

"ஐயையோ, சார்! குடிச்சுடாதீங்க!"

நாத்தனார்தான். கேமராவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அது டீத்தண்ணி சார். மேல சோப்பு நுரை. நிஜ பீரு இந்த லைட்டு முன்னாடி நிக்காது, நுரை செத்துடும். உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. 'ஒரு வாய் குடி' என்றால் கோப்பை உதட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவது என்பது அங்கே எல்லோருக்கும் பழகிய விஷயம். புதிதாக வந்தவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேப்டன் சிரித்தான். உடம்பு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேலுதட்டில் சோப்பு மீசையோடு* சிரித்தான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

* அந்தச் சோப்பு அவனுக்கு இனித்தது என்று எழுத ஆசை. இல்லை, துப்பினான்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் கம்பெனி அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்கி எடுத்தது. இப்போது ஊரெங்கும் பெரிய பெரிய பலகைகளில் அவன் சிரிக்கிறான். தப்பித்தவனின் சிரிப்பு, அடியில் பீரின் பெயர்.

முடிவு ஒன்று: அடுத்த ஆட்டப் பருவத்தில் அவன் அந்தச் சட்டையைப் போட மறுக்கிறான். (நம்ப எனக்கும் ஆசைதான்.)

முடிவு இரண்டு: பலகையைப் பார்த்த ஒருவன் கடைக்குள் நுழை... இந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: கேப்டனும் மனைவியும் அந்தப் பலகைக்குக் கீழே சிக்னலில் நிற்கிறார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"இவ்ளோ சந்தோஷமா நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

"குடிக்கலைல்ல, அதான்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பச்சை விழுகிறது. பக்கத்து வண்டிக்காரன் மட்டும் நகரவில்லை. அண்ணாந்து பலகையையே பார்த்தபடி உதட்டை நக்கிக்கொள்கிறான்.

அது சோப்பு என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். நான் கேப்டனோடு வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் இறங்கிச் சொல்லிவிட்டு வாருங்கள்.