முழங்காலுக்குக் கீழே காது

என் வீட்டுக்காரருக்குப் பூச்சிகளோடுதான் குடித்தனம். கண்ணாடிப் பெட்டிகளில் உயிருள்ள பூச்சிகளை வைத்துக் காட்டும் பூச்சிக்கூடத்தில் வேலை. அவர் பொறுப்பில் இருப்பது சுவர்க்கோழி அறை. அங்கே யாரும் செருப்போடு நுழையக் கூடாது. பாதம் பதியாமல் பூனை நடை நடக்க வேண்டும். தரை லேசாக அதிர்ந்தாலும் அத்தனை சுவர்க்கோழிகளும் வாயை மூடிக்கொள்ளுமா என்று கேட்டால், அது வாயால் பாடுவதில்லை, இறக்கையை உரசுகிறது என்று திருத்துவார். மனுஷனோடு பேசி ஜெயிக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் நேர்மாறு. கதவைத் திறந்ததும் பலகைத் தரையில் தொம் தொம் என்று இரண்டு மிதி மிதிப்பார். எங்கள் மகள் மிளகு எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவாள். மிளகுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மிதிக்க வேண்டும். அது உள்ளங்கால் வழியாகப் போய்ச் சேரும். நானும் அப்படித்தான். சாப்பிட வா என்றால் இரண்டு மிதி, குளிக்க வா என்றாலும் இரண்டு மிதி. கீழ் வீட்டுத் தையல்காரருக்குத்தான் உயிர் போகும். நாங்கள் மிதிக்கும்போதெல்லாம் அவருக்குத் தையல் கோணுகிறதாம். அளவுகோலை எடுத்து அடியிலிருந்து எங்கள் தரையைத் தட்டுவார்.

மிளகுக்கு மூன்று வயது முடிந்ததும் காது மிஷின் வந்தது. டாக்டரம்மா மாட்டிவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"தூங்குற நேரம் தவிர எப்பவும் காதுலயே இருக்கணும். பேச்சு வர்ற வயசு இதுதான். கழட்டிக் கழட்டி வச்சீங்கன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அந்தப் பொடிசு என்னை ஒரு தடவை கூப்பிட வேண்டும். மற்ற பிள்ளைகள் அம்மா அம்மா என்று நச்சரிக்க, அவர்களுடைய அம்மாக்கள் 'சும்மா இரு' என்று எரிந்து விழுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிஷின் வந்த அன்றே மிதிப்பதை விட்டோம். காதுதான் வந்தாச்சே, இனி கால் எதற்கு? தையல்காரர் மேலே வந்து நன்றி சொல்லி, மிளகுக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் தொண்டை வறள மிளகு மிளகு என்று கூப்பிட்டோம். அவள் திரும்பவே இல்லை. மிஷினைப் பிடுங்கி எறிந்தாள். நான் மாட்ட, அவள் பிடுங்க, இதே வேலையாகப் போயிற்று. ஒரு நாள் அதை அரிசி டப்பாவிலிருந்து எடுத்தேன், இன்னொரு நாள் அவருடைய ஷூவுக்குள்ளிருந்து. சாயங்காலமானால் வாசல் கதவுக்குப் பக்கத்தில் போய், தரையில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து உட்கார்ந்துகொள்வாள். அப்பா வருவார். வாயெல்லாம் பல்லாக, "மிளகு!" என்பார். அவள் அவர் காலையே பார்ப்பாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"அழுத்தக்காரி. அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கா," என்றேன்.

"பிடிவாதமெல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாது," என்றார்.

சண்டை போடக்கூடத் தெம்பில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

விடுமுறையன்று பூச்சிகளுக்குத் தீனி வைக்கப் போனவர் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். "அங்க சத்தத்துக்குப் பஞ்சமே இல்ல. அங்கயாவது மிஷினைக் காதுல வச்சுக்கிறாளான்னு பாப்போம்."

சுவர்க்கோழி அறையிலும் பலகைத் தரைதான். காது கிழிகிற சத்தம். அப்பாவும் மகளும் வெறுங்காலோடு முன்னே போனார்கள். நான் ஏதோ ஞாபகத்தில் செருப்போடு நுழைந்தேன். சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது.

"செருப்பு!" என்று பல்லைக் கடித்தார்.

"நான் என்ன யானையா? இதுங்களுக்குக் காது எங்கதான் இருக்கு?"

"முன்னங்கால்ல. முழங்காலுக்குக் கீழ ஒரு சின்னச் சவ்வு. பாட்டு அதுலதான் கேக்கும். தரை அதிர்ந்தா அதுவும் கால்லயே தெரிஞ்சிடும். பின்னாடி வால் மாதிரி ரெண்டு நீட்டிட்டிருக்கு பாரு, அதுல பூராவும் பூனைமுடி. காத்து கொஞ்சம் அசைஞ்சாலும் கண்டுபிடிச்சிடும்."

"நான் வர்றத உங்க அம்மாகூட இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சதில்ல."

மிளகு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை, மீசைகள் மட்டும் துழாவின. கொஞ்ச நேரத்தில் ஒன்று தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொள்ள, மறுபடி சத்தம் நிறைந்தது. மிளகு திரும்பி என் காலைப் பார்த்தாள். வந்து தரையில் உட்கார்ந்தாள். என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை தூக்கி வைத்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. இரண்டு மிதிதான் அவள் பேர். மிளகு என்பதெல்லாம் எங்களுக்குத்தான். அவளுக்கு அது மிஷினில் வந்து விழுகிற இரைச்சலோடு இன்னோர் இரைச்சல். அதுவரை நாளெல்லாம் அந்த மிதிப் பேரால் கூப்பிட்ட அப்பாவும் அம்மாவும், மிஷின் வந்ததிலிருந்து அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். குழந்தை கோபப்படாமல் என்ன செய்வாள்?

"மிதிங்க," என்றேன்.

"இங்கயா? எல்லாம் மிரண்டுடும்டி..."

"மிரளட்டும். மிதிங்கன்னா மிதிங்க!"

பூனை நடைக்காரர் அந்த அறையில் தொம் தொம் என்று மிதித்தார். கூடவே "மிளகு!" என்று நான் கத்தினேன். சுவர்க்கோழிகள் கப்சிப். மிளகு ஒரே பாய்ச்சலில் போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மிதியும் பேரும் சேர்ந்தே வந்தன. மிஷினும் காதிலேயே தங்கியது. தையல்காரரிடம் நானே இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லா மிதிங்கம்மா. நான் தையலைக் கொஞ்சம் நிறுத்திக்கிறேன்," என்றார். "அதுக்காகக் குடுத்த கவுனைத் திருப்பிக் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."

ஒரு சாயங்காலம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. காலுக்கடியில் பலகை அதிர்ந்தது. சின்னச் சின்னதாக இரண்டு.

திரும்பினால், சமையலறை வாசலில் மிளகு. மிஷின் காதில்தான் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டு, இன்னும் இரண்டு மிதி மிதித்தாள்.

வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அது வருகிறபோது வரட்டும். என் மகள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.