கூப்பிட்டால் எழ வேண்டிய ஓய்வு

அண்ணனின் உச்சந்தலையில் புறங்கையால் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரியின் இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். யாரோ உச்சுக்கொட்டினார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். குமரப்பன். அமைச்சில் அவளுடைய மேலதிகாரி, மாநாட்டுக்காக ஜெனிவா போயிருக்கிறார். அங்கே இப்போதுதான் விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மனிதர் எழுந்து, பல் விளக்கி, அவளை நினைத்துவிட்டார்.

எடுக்கவில்லை. அது அதிர்ந்து ஓய்ந்தது.

பெட்டிக்குள் அண்ணன் விஜயன் வெள்ளை வேட்டி சட்டையில் கிடந்தார். கல்யாண வீடுகளுக்கு மட்டும் உடுத்துகிற சட்டை. மற்ற நாட்களெல்லாம் செக்யூரிட்டி சீருடைதான். அதன் காலர் மூடியிருந்த இடம் மட்டும் கழுத்தில் ஒரு பட்டையாக வெளுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை.

நேற்று விடியற்காலையில், வேலை செய்த கிடங்கின் பின்பக்கக் காவல் அறையில் இறந்துபோனார். கிடங்கு தூரத்தில் இல்லை. வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றால், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் அதன் நீலக் கூரை தெரியும். கிள்ளானில் இந்தத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியதற்கே அதுதான் காரணம். வேலைக்கு நடந்தே போகலாம், நடந்தே வரலாம் என்றார். நேற்றுத்தான் வரவில்லை.

"இவதான் பிரெஞ்சு படிச்சவ. கவர்மெண்டுல பெரிய ஆபிசர்," என்று செந்தூலிலிருந்து வந்திருந்த இராஜம்மா சின்னம்மா பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஜெனிவாவுக்கெல்லாம் போய்ப் பேசுவா. லோகா, இந்த ஆன்டிக்கு நாலு வார்த்தை பேசிக் காட்டேன்."

"இப்பவா சின்னம்மா?"

"சும்மா, ஒரு ஆறுதலா இருக்கும்லா."

லோகேஸ்வரி நகர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் வேறு பாடத்துக்கு இடம் கிடைக்காமல் எடுத்த மொழி. பிறகு உதவித்தொகையில் லியோனில் ஒரு வருஷம். அமைச்சில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் என்பதால் அனைத்துலகத் தொழிலாளர் பிரிவில் உட்கார வைத்தார்கள். வருஷா வருஷம் ஜூன் மாதம் உலகத்து அரசாங்கங்களும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மண்டபத்தில் கூடி, வேலை என்றால் என்ன, ஓய்வு என்றால் என்ன என்று அரைப்புள்ளி வரைக்கும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் பிரெஞ்சு வாசகத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. இந்த வருஷம் சிக்கனம் என்று அவளைப் புத்ராஜெயா அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறை அவள் கிளம்பும்போதும் விமான நிலையத்துக்குக் காரோட்டி வந்த அண்ணனுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு வார்த்தைதான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு "மெர்சி லா" என்பார். நன்றி சொல்ல வேண்டியவள் அவள். அவரோ தானே சொல்லிக்கொண்டு சிரிப்பார்.

ரெங்கசாமி மலர்வளையத்தோடு வந்தார். செக்யூரிட்டி கம்பெனியின் மேனேஜர். வளையத்தில் இருந்தது பாதி பிளாஸ்டிக் பூ. நடுவில் விஜயனின் பெயரைவிடக் கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது. சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்து, ஊதுவத்தியோடும் ஐஸ் நீரோடும் கலந்தது.

"அக்கா, மனசத் தேத்திக்கங்க," என்று அவர் பெட்டியருகே உட்கார்ந்திருந்த அண்ணி சந்திரகலாவிடம் குனிந்தார். "நல்ல சாவுக்கா. கஷ்டப்படல. டியூட்டியில கூட இல்ல. ஸ்டேண்ட்பைலதான் இருந்தாரு. படுத்தவரு அப்படியே போயிட்டாரு."

சந்திரகலா தலையை நிமிர்த்தினாள். "நைட் ஷிப்ட் முடிஞ்சிருச்சுன்னா வீட்டுக்கு வந்திருப்பாரே."

"ரிலீவர் வரல அக்கா. அதான் ஸ்டேண்ட்பை. சும்மா இருக்கறதுதான். பெஞ்சில படுக்கலாம், தூங்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"எத்தனை நாளா ரிலீவர் வரல?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

அவர் அவளை அப்போதுதான் பார்த்தார். இந்தக் கேள்வி கேட்கிற ஆள் யார் என்று கண்ணால் அளந்தார். "ஆள் கிடைக்கறது கஷ்டம் மேடம். உங்களுக்குத் தெரியாததா." பிறகு குரலை இன்னும் மெதுவாக்கிக்கொண்டு, "இன்னொண்ணு. அண்ணன்கிட்ட நம்ம வாக்கி டாக்கி ஒண்ணு இருந்துச்சு. ஆஸ்பத்திரி பையில இருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களா? அந்த போஸ்ட்டுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

பிணத்தை எடுப்பதற்குள் வாக்கியை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார். மலர்வளையம் அதற்கான நுழைவுச்சீட்டு.

அவர் நகர்ந்ததும் சந்திரகலா லோகேஸ்வரியின் கையைப் பிடித்தாள். "லோகா, நேத்துலேர்ந்து எல்லாரும் இதையே சொல்றாங்க. தூங்கிட்டிருந்தாரு, தூங்கிட்டிருந்தாருன்னு. லோரிக்காரன் ஹார்ன் அடிச்சும் எழுந்திருக்கலன்னு. வேலையில தூங்கிச் செத்தவருன்னு ஆயிரக் கூடாதுடா. ஒரு நாள் தூங்கினதில்ல அவரு."

"யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க அண்ணி."

"சொல்லிட்டுத்தான் போறாரு இப்ப." சந்திரகலா கையை விடவில்லை. "ஸ்டேண்ட்பைன்னா வேலையா, வேலை இல்லையா? நீதான இதெல்லாம் படிச்சவ. நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

லோகேஸ்வரியின் இடுப்பில் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. கோழை மாதிரி அந்த அதிர்வைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

பின்சந்தில் காப்பிக் குவளைகளைக் கழுவிய தண்ணீர் சாக்கடையில் தேங்கிக் கிடந்தது. அதன்மேல் பால் ஏடு மிதந்தது. குமரப்பன்தான்; எடுத்தாள்.

"லோகேஸ், சாரி லா. நியூஸ் கேட்டு ரொம்ப ஷாக் ஆயிட்டேன். அண்ணன் எப்படி?"

"செத்துட்டாரு சார்."

"இல்ல, எப்படி நடந்துச்சுன்னு கேட்டேன்."

"படுத்திருந்தாரு."

"கொடுத்து வச்சவரு." குமரப்பன் மரியாதைக்காக ஒரு மூச்சு இடைவெளி விட்டார். "உங்கள டிஸ்டர்ப் பண்ணவே கூடாது. ரெண்டே வரிதான். அந்த ஸ்டேண்ட்பை பேரா இன்னிக்கு வருது. இங்கிலீஷ்ல நம்ம நிலைப்பாடு கிளியர். ஸ்டேண்ட்பை நேரம் வேலை நேரம் இல்ல. பிரெஞ்சு பேசற நாடுங்கதான் விடமாட்டேங்கறாங்க. அவங்க டெக்ஸ்ட்ல என்னமோ திஸ்போஸிஸியோன்னு போட்டிருக்காங்களே, அதைப் பிடிச்சுக்கிட்டு தொங்கறாங்க."

என்னமோ இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். காத்திருக்கிற தொழிலாளியைப் பிரெஞ்சில் 'முதலாளியின் வசத்தில் இருப்பவர்' என்று எழுதுவார்கள். அப்படி எழுதிவிட்டால் அந்த நேரம் யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஸ்டேண்ட்பை என்று எழுதினால் அது யாருடையதும் இல்லை.

"அதைத் தூக்கிட்டு வேற வார்த்தை போடணும்," என்றார் குமரப்பன். "ரெஸ்ட்டுக்கு என்ன பிரெஞ்சில?"

"ரெபோ."

"நல்லா சாஃப்ட்டா இருக்கே."

"செத்தவங்களுக்கும் அதான் சார் சொல்வாங்க. கல்லறையில எழுதுவாங்க."

"அப்ப யாரும் அப்ஜெக்ட் பண்ண மாட்டாங்க. ஒரு சென்டென்ஸா கட்டி வாட்சப்ல போட்டுடுங்க. பாடி எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

"மூணு மணிக்கு."

"அதுக்கு முன்னாலயே அனுப்பிடுங்களேன். எடுத்தப்புறம் உங்களுக்கும் நேரம் இருக்காது."

அவர் வைத்துவிட்டார். வாக்கியம் அவள் தலைக்குள் தானாகவே வந்து நின்றது. எழுவாய், பயனிலை, கடைசியில் அழகாக 'ரெபோ'. இலக்கணப் பிழை இல்லாத, ஒருவர் மனதும் புண்படாத வாக்கியம். அப்படியொன்று வந்து நின்றதே அருவருப்பாக இருந்தது. சாக்கடையோரம் குனிந்து எச்சிலைத் துப்பினாள். வாய்க்கசப்பு போகவில்லை.

அவள் திரும்பி வந்தபோது ரெங்கசாமி ஆஸ்பத்திரிப் பையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சீருடைச் சட்டை, பெல்ட், சாக்ஸ். வாக்கி இல்லை. ஈமச்சடங்கு சர்வீஸ்காரர் தங்கமணி, வாய்க்கரிசித் தட்டோடு ஓடியாடிக்கொண்டிருந்தவர், கேள்விப்பட்டு நின்றார்.

"கறுப்பா, ஏரியல் வச்சதா அண்ணே? பழைய போன்னுல்ல நினைச்சேன். நிறையப் பேர் செத்தவங்க போனை உள்ள வைக்கச் சொல்வாங்க, எரிக்கறதுக்கு முன்னால பேட்டரியை எடுத்திருவேன். குளிப்பாட்டி உடுத்தினப்ப கைப்பக்கமா வச்சேன். வைக்கும்போது குமிழைத் திருகி வேற பார்த்தேன், பச்சை லைட்டு வந்துச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"போஸ்ட் டூ, போஸ்ட் டூ. லோரி டா சம்பை. ஸ்டேண்ட்பை, ஜவாப்."

லோரி வந்துவிட்டதாம். பதில் சொல்ல வேண்டுமாம். தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். வாயில் அரிசி போடக் குனிந்திருந்த இராஜம்மா சின்னம்மா அரிசியைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டு பின்வாங்கினாள். வேட்டி மடிப்புக்கு அடியில், அண்ணனின் வலது கையை ஒட்டி, பச்சை விளக்கு எரிந்தது.

"போஸ்ட் டூ, ஜவாப் லா."

"புது ஆளைக் கூப்பிடறாங்க," என்றார் ரெங்கசாமி அவசரமாக. "செட் இங்க இருக்குன்னு கண்ட்ரோல் ரூமுக்குத் தெரியாது. கொஞ்சம் வழி விடுங்க." பெட்டிக்குள் கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் சந்திரகலா. சத்தமில்லாமல்தான் சொன்னாள். அவர் கை பெட்டி விளிம்பிலேயே நின்றுவிட்டது.

லோகேஸ்வரி எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். "சும்மா படுத்திருக்கறவருக்கு வாக்கி எதுக்கு?"

"மேடம், அது ரூல்."

"என்ன ரூல்?"

"ஸ்டேண்ட்பைன்னா கூப்பிட்டா எழுந்து போகணும்ல. லோரி வந்தா கேட் திறக்கணும். அதுக்குத்தான் செட் கையிலயே இருக்கணும்னு."

"எழுந்து போகலன்னா?"

"ஒரு நாள் சம்பளம் கட்." பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்கும். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஆண்களில் ஒருத்தர் செருப்பைத் தேடுகிற மாதிரி தரையைப் பார்த்தார்.

லோகேஸ்வரி குனிந்து அண்ணனின் கையைத் தூக்கினாள். ஐஸில் இருந்த கை, மரம் போல் கனத்தது. அடியிலிருந்த வாக்கியை எடுத்தாள். அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"வேலைதான் அண்ணி," என்றாள். "ஸ்டேண்ட்பைன்னா வேலைதான். வேலை பார்த்துக்கிட்டேதான் அண்ணன் போயிருக்காரு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். நஷ்டஈடு குடுக்கற சொக்சோ ஆபீஸ்ல கேட்டாலும் சொல்றேன்."

சந்திரகலா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரை இழுத்து, வெளுத்திருந்த அந்தப் பட்டையை மூடிவிட்டாள்.

"மேடம், செட்டைக் குடுத்தீங்கன்னா..." என்றார் ரெங்கசாமி.

"பதினாறாம் நாள் கருமாதிக்கு வாங்க. சாப்பிட்டுட்டு வாங்கிக்கிட்டுப் போங்க."

மூடியைப் போட்டார்கள். சந்திரகலா பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அதுவரை அழாதவள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். மின்சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. வண்டி தாமான் முனையில் திரும்பி, பெரிய சாலையில் ஏறி, நீலக் கூரையைத் தாண்டிப் போவது வாசலிலிருந்து தெரிந்தது.

கைபேசியில் குமரப்பன் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தார். அதன் கீழே, 'செஷன் தொடங்கப் போகுது.'

லோகேஸ்வரி எழுதத் தொடங்கினாள். 'ரெபோ' வரைக்கும் வந்து எல்லாவற்றையும் அழித்தாள். வாக்கி மறுபடியும் கரகரத்தது. குரல் பதிவுப் பொத்தானை அழுத்தி, கைபேசியை அதன் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"போஸ்ட் டூ, போஸ்ட் டூ. ஸ்டேண்ட்பை, ஜவாப்."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். பதிவு போய்விட்டது. நீலக் கோடுகள் இரண்டும் உடனே விழுந்தன. குமரப்பன் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார். 'இது என்ன? பிரெஞ்சு எங்க?'

பிறகு அழைப்பு வந்தது.

வீடு கழுவ வேண்டும். லோகேஸ்வரி கைபேசியையும் வாக்கியையும் வாசல் மதில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மதில்மேல் ஒன்று கூப்பிட்டது, இன்னொன்று அதிர்ந்து அதிர்ந்து விளிம்புப் பக்கம் நகர்ந்தது. அவள் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்தாள்.