டிசம்பர் மாத ரசீது

அமெரிக்காவில் ஃபால் ரிவர் என்ற ஊரில் மூன்றடுக்கு மரவீடு வாங்கியவர்கள் செய்யும் அசட்டுத்தனத்தைத்தான் டியோலிண்டாவும் எர்மானோவும் செய்தார்கள். வாடகை கூடுதலாக வருமென்று நல்ல தரைத்தளத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டு, நாற்பத்தாறு படி ஏறி உச்சியில் குடியிருந்தார்கள். முப்பது வருஷம் மூச்சு வாங்கியதுதான் மிச்சம், பெயர் மட்டும் வீட்டுக்காரர்.

அக்டோபரில் எர்மானோவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. சிகிச்சை விடுதியில் சேர்த்தார்கள். ஜனவரி கடைசிக்குமேல் காப்பீடு கிடையாதாம். படி இல்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். படி இல்லாத தரைத்தளம் டியோலிண்டா வீட்டுக்காரர்களுடையதுதான். ஆனால் அதில் பதினாலு வருஷமாக சுல்மிரா வாடகைக்கு இருந்தாள்.

"நாம வீட்டை மாத்திக்கலாமா சுல்மிரா? வாடகையே வேண்டாம்" என்று டியோலிண்டா கேட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு முட்டியிலயும் தகடு வச்சிருக்கு டோனா. பஸ் படி ஏற நான் படற பாடு உங்களுக்குத் தெரியாதா? வேற வீடு தேடிக்கிட்டுதான் இருக்கேன். தரைத்தளம்னா என் சம்பளம் முழுசையும் கேக்கறாங்க." டியோலிண்டாவை மரியாதையாக டோனா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

வேறு வழியில்லாமல் வக்கீலைப் பிடித்து, நவம்பர் முப்பதுக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாள். கொடுத்த அன்று இரண்டு பேரும் அழுதார்கள். அப்புறம் சுல்மிரா காய்ச்சிய கீரை சூப்பை இரண்டு பேருமாகக் குடித்தார்கள். நவம்பர் போயிற்று, வீடு கிடைக்கவில்லை. வழக்குப் போட்டு ஜனவரியில் தேதி வாங்கினார்கள்.

நீதிமன்றத்துக்கு இருவரும் ஒரே காரில்தான் போனார்கள். பனியில் பஸ்ஸுக்கு நிற்க சுல்மிராவால் முடியுமா என்ன?

"ஒரு மாசம்கூட நான் வாடகை தவறினதில்லைங்க" என்று சுல்மிரா ரோஷமாகச் சொல்லி, ரசீதுகளை எடுத்து நீதிபதி முன்னால் வைத்தாள். நல்லவள் என்று காட்டத்தான் வைத்தாள், பாவம். மேலே இருந்த ரசீதில் டியோலிண்டாவின் முத்து முத்தான கையெழுத்து: டிசம்பர் மாத வாடகை பெற்றுக்கொண்டேன், மிக்க நன்றி.

நீதிபதி அதை இரண்டு தடவை படித்தார். கெடு முடிந்தபிறகு எந்த நிபந்தனையும் எழுதாமல் வாடகை வாங்கி நன்றியும் சொன்னால், திரும்பவும் குடியிருக்கச் சொன்னதாகத்தான் அர்த்தம் என்றார். நோட்டீஸ் செல்லாது. எல்லாம் முதலிலிருந்து.

வராந்தாவில் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "கேக்காம எதையும் வாங்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"எப்ப சொன்னீங்க?"

"லெட்டர்ல, மூணாம் பக்கத்துல."

"மூணாம் பக்கத்தை யாரு படிக்கறா?"

"சரி, அந்த நன்றி எதுக்கும்மா?"

"பணம் குடுத்தா நன்றி சொல்லாம என்ன சொல்றது?" என்றாள் டியோலிண்டா. முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறாள். "இனி எப்ப?"

"ஜூன் ஆயிடும்."

திரும்பும்போது காரில், "நான் கெடுதல் நெனச்சுக் குடுக்கல டோனா" என்றாள் சுல்மிரா.

"தெரியும்" என்றாள் டியோலிண்டா. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் கொட்டுவதென்றுதான் தெரியவில்லை.

காப்பீடு முடிந்த அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் எர்மானோவை நாற்காலியில் கட்டித் தூக்கி வந்தார்கள். தெருக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சுல்மிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திறந்திருந்த அவள் வீட்டுக்குள் எர்மானோ எட்டிப் பார்த்தார். வாசலிலிருந்து படுக்கை அறைவரை ஒரே சமதரை.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று, கால் மணி நேரத்தில் உச்சிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் பெரியவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட போகணும்னா ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணுங்கம்மா. ஆள் கெடைச்சாதான் வர முடியும்" என்றான்.

"அவசரமில்ல தம்பி" என்றார் எர்மானோ, கோணிய வாயால். "எப்படியும் நான் இன்னும் ஒரு தடவைதான் கீழ இறங்குவேன்."

வந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் இறங்கிப் போகும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. டியோலிண்டா குனிந்து எர்மானோவின் பனிக்காலணிகளைக் கழற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.