வற்றுப்பெருக்கின் புதிய வெளியீடு

தேற்றாத்தீவில் நல்லரத்தினம் குடியிருந்த வீட்டுக்குள் 2005ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கடல் வந்து, நாலு வருடம் போகாமல் இருந்தது. சுனாமி வந்தது அதற்கு முந்திய மார்கழியில். அது வேறு, அது எல்லோருக்கும் வந்தது, வந்த வேகத்தில் திரும்பியும் போனது. இது ஒரு காலைவேளையில் சத்தமில்லாமல் முன்வாசலால் ஏறி, ஜன்னல் கட்டை மட்டத்துக்கு வந்து நின்றது. வேலிக்கு வெளியே கோழிகள் காய்ந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன, உள்ளே அலுமாரி மிதந்தது. கதவைத் திறந்துவிட்டாலும் தண்ணீர் வடியவில்லை. மெசின் வைத்து இறைத்தார்கள்; இறைத்த தண்ணீர் ஒழுங்கைத் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் திரும்பி வந்தது. நிவாரண வேலைக்கு வந்திருந்த பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, அயலில் வெள்ளம் இல்லாதபடியால் இந்த வீட்டிலும் வெள்ளம் இல்லை என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் இறால் நல்ல விலை போனது. நல்லரத்தினத்தின் மனைவி சீதேவிப்பிள்ளை கட்டிலுக்கடியில் பிடித்த இறாலைச் சந்தையில் விற்றாள், யாரும் விலை குறைத்துக் கேட்கவில்லை.

இதைச் செய்தவள் கோகிலராணி என்பது ஊருக்குத் தெரியும். அவள் பார்த்துவந்தது கூலியில்லாத ஒரு வேலை. கடல் எப்போது வற்றும், எப்போது பெருகும் என்று கணித்துச் சொல்லும் நிரல் ஒன்று லினக்ஸ் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் அதற்கு வற்றுப்பெருக்கு என்று பெயர். எழுதியவர் நோர்வேயில் ஒரு தீவில் வெளிச்சவீடு பார்த்து ஓய்வுபெற்ற கிழவர். அப்படி முதலில் எழுதி வெளியிடுகிறவரை அந்தத் தொழிலில் மேல்மூலம் என்பார்கள். மேல்மூலத்திலிருந்து புதிய வெளியீடு வரும்போதெல்லாம் அதை இறக்கி, நம் கரைக்குத் தோதாகச் சில இடங்களில் ஒட்டுப் போட்டு, பதிப்பு எண்ணை மாற்றி, பொதியாகக் கட்டி, எல்லோரும் நிறுவிக்கொள்ளும்படி ஏற்றிவிடுவது கோகிலராணியின் பொறுப்பு. ஒட்டு என்பது சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோலத்தான். டியூப் மாறினால் பழைய ஒட்டுப் பொருந்தாது, அளவெடுத்துத் திரும்ப வெட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு இதென்ன சீவியம் என்று உறவுக்காரர் கேட்டார்கள். நோர்வே என்றதும், புலிகளுக்கும் அரசுக்கும் நடுவில் சமாதானம் பேச வந்தவர்களில் ஒருவரோ என்று சிலர் மரியாதையாகவும் விசாரித்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு கடலுக்கு நேரம் மறந்துவிட்டது. நினைத்தபோது வற்றியது, நினைத்தபோது பெருகியது, மீனவர்கள் கரையில் குந்தியிருந்து அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, வழி தெரியாதவன் முன்னால் போகிறவனைப் பார்த்து நடப்பதுபோல, அது நிரலைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. சித்திரையில் வந்த வெளியீட்டில் கிழவர் எங்கோ ஒரு பிழை விட்டிருந்தார். கோகிலராணி கவனிக்காமல் அதை ஏற்றிய அன்று, கல்குடா தொடங்கிக் களுவாஞ்சிக்குடி வரை பெருக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தது. பிழையைத் திருத்தி ஏற்றினாள், கடலும் திருந்தியது. தன் கையில் இருப்பது என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் முதலில் நினைவுக்கு வந்த பெயர் நல்லரத்தினம்.

காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். சுனாமி வந்த காலையில் கடற்கரைச் சனம் எல்லாம் மேற்கே வாவிக்கரைக்கு ஓடியது. அங்கே நல்லரத்தினத்தின் படகு நின்றது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வட்டை என்கிற வயல்வெளி ஒன்றில் அவருக்கு வயல் இருந்தது. போய்வர வைத்திருந்த படகு. மனைவியும் மகளும் ஏறியிருந்தார்கள். இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. கோகிலராணியின் தங்கை விதுர்ஷா, பதினைந்து வயதுப் பிள்ளை, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லரத்தினம் அவளை விலக்கிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஏற்றினார். “தண்ணி பட்டா எஞ்சின் போயிரும்” என்றார். பிறகு பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் படகைத் தள்ளினார். பின்னால் ஓடிவந்த கோகிலராணி இதைத் தன் கண்ணால் கண்டாள். அவள் ஒரு தென்னையில் தொற்றித் தப்பினாள். விதுர்ஷாவை வாவியோரப் பற்றைக்குள்ளிருந்து எடுத்தார்கள். முகாமுக்கு வந்த உளவளத்துணை ஆட்கள் கலர் பென்சில் கொடுத்துப் படம் வரையச் சொல்லி, மன்னித்தால் மனம் இலேசாகும் என்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் விரலை யாரும் கழற்றவில்லை.

ஆகவே ஆடி மாதத்து வெளியீட்டோடு அவள் ஓர் ஒட்டுச் சேர்த்தாள். இன்ன அகலாங்கில், இன்ன நெட்டாங்கில் இருக்கும் நிலத்துண்டில் கடல் ஜன்னல் மட்டத்துக்கு நிற்கும், வற்றாது என்பது அதன் பொருள். பகை வைத்திருப்பது சும்மா இருக்கும் வேலை என்று நினைப்பவர்கள் பொதி கட்டிப் பார்த்ததில்லை. மேல்மூலக் கிழவர் கை சும்மா இராத மனிதர். மாதத்துக்கு ஒரு வெளியீடு விடுவார், ஒவ்வொன்றிலும் ஒட்டு இடம் விலகிப்போகும். அவள் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய், சாலிஹ் என்பவரின் கணினிக் கடையில் தொலைபேசி இணைப்பில் புதியதை இறக்கி, ஒட்டைத் திரும்ப வெட்டிப் பொருத்தி, ஏற்றிவிட்டு வருவாள். சாலிஹ் நல்ல மனிதர், அண்ணன் முறையில் நானா என்று அவரைக் கூப்பிடுவாள். “விட்டிரு தங்கச்சி, அல்லாஹ் பாத்துக்குவான்” என்பார். “அவர் பாக்குற நேரம் பாக்கட்டும் நானா. இப்ப லைன் இருக்கு, நான் இறக்கிட்டுப் போறன்” என்பாள்.

2006இல் சண்டை திரும்பத் தொடங்கியது. அடுத்த வருடம் தலைக்கு மேலால் படுவான்கரைக்கு ஷெல் போனது. அங்கிருந்த சனம் சட்டி பானையோடு வாவியைக் கடந்து வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. சோதனைச் சாவடிகளில் அவளுடைய மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார்கள். கடல் வற்றும் நேரம் பார்க்கிறது என்று உண்மையையே சொன்னாள். ஆமிக்காரன் ஒருவன் தன் ஊரான மாத்தறைக்கு நேரம் கேட்டுக்கொண்டு வழிவிட்டான். இந்தக் களேபரத்துக்குள் ஒருமுறை ஒட்டுப் போடாமலே வெளியீட்டை ஏற்றிவிட்டாள். ஒரு கிழமை, ஏழு நாளும், வீடு காய்ந்தது. சீதேவிப்பிள்ளை சுவரைக் கழுவி, தலையணைகளை வெயிலில் போட்டு, வாசலில் கோலமும் போட்டாள். கோகிலராணி ஒட்டைப் பொருத்தியதும் கடல் கோலத்துக்கு மேலால் நடந்து உள்ளே போனது. அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. சந்தியில் ஆமிக்காரர் வெடி கொளுத்தினார்கள். வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதே மாதம் மேல்மூலத்திலிருந்து ஒரு பெரிய வெளியீடு வந்தது. கிழவர் நிரலை அடியிலிருந்து திரும்ப எழுதியிருந்தார். ஒட்டு விலகவில்லை, ஒட்டும் இடமே இல்லாமல் போயிருந்தது. ஏற்றாமல் விடவும் முடியாது. பழைய வெளியீடு களைத்துப்போய்ப் பெருக்கை நாளுக்கு நாள் பிந்த விட்டுக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் தோணிகள் தரைதட்டின, மீனவர் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து முற்றத்தில் நின்றார்கள். ஏற்றினால் தோணி தப்பும், நல்லரத்தினமும் தப்புவார். அது அவளைத் தின்றது. இத்தனை வருடம் கட்டிக் காத்தது ஒரு கட்டளையில் அழியப்போகிறது, அழிப்பது அவளுடைய கையாகவே இருக்கப்போகிறது.

அந்தக் கிழமைதான் சீதேவிப்பிள்ளை வந்தாள். சேலைக் கரையில் உப்புப் பூத்திருந்தது. கொடுத்த கதிரையில் இருக்காமல் தூணோடு நின்றாள்.

“புள்ள, மகள் தனுஷியாவுக்குப் பனிச்சங்கேணியில ஒரு சம்மந்தம் வந்திருக்கு. வீடு எப்பிடியெண்டு கேக்கிறாங்க.”

“அத அவரிட்டக் கேக்கச் சொல்லுங்க அக்கா. அவர்ர வீடுதானே.”

“அவர்ர வீடா? எங்கட ஊரில ஆம்பிளைக்கு எப்ப புள்ள வீடு இருந்திச்சு? அது என்ட அம்மா எனக்குத் தந்த சீதனம். மறுகா என்ட மகளுக்கு. அவர்ர பேரில ஒரு ஓடும் இல்ல.”

மட்டக்களப்பில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. வீடு பெண்ணுக்கு, கட்டிய ஆண் அதில் வந்து இருப்பவன். கோகிலராணி படுத்தெழும்பிய வீடும் தாய்வழி வந்ததுதான். கோபத்தில் அதை மறந்து, ஆளுக்குப் போட வேண்டியதை நிலத்துக்குப் போட்டிருந்தாள்.

“தண்ணி வந்த அண்டைக்கே அவர் மண்டூருக்குப் போயிட்டார், அவர்ர அக்காட வீட்டுக்கு” என்றாள் சீதேவிப்பிள்ளை. “நாலு வருஷமா காஞ்ச பாயில படுக்கிறார். உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தது நானும் மகளும்.”

கோகிலராணி அந்த ஒழுங்கைப் பக்கமே போகாமல், அவர் உள்ளே கிடக்கிறார் என்று நம்பித்தான் இத்தனை வருடமும் ஒட்டுப் போட்டிருந்தாள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன, இரண்டில் ஆத்திரமே பெரிதாக இருந்தது. “நீங்களும் அண்டைக்கு அந்தப் படகில இருந்தீங்க” என்றாள்.

“இருந்தன். உன்ட தங்கச்சிட விரல நான் பாத்தன். வாயத் திறக்கல்ல. அதுக்குத்தான் எண்டு நினைச்சு நாலு வருஷம் பேசாம இருந்தன். என்ட பங்க நான் அனுபவிச்சிட்டன் புள்ள. அவர் இன்னும் துவங்கவேயில்ல.”

“நிலத்துக்குத்தான் போடலாம் அக்கா. ஆளுக்குப் போட ஏலாது.”

“ஏன் ஏலாது? ஆமிக்காரன் ஒவ்வொரு சந்தியிலயும் அடையாள அட்டை நம்பராலதானே ஆளப் பிடிச்சான். கடலுக்கு மட்டும் ஏலாதா?” சுற்றிவளைப்புக் காலத்தில் பெண்கள் புருஷன்மாரின் அட்டை இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்கள், பிடித்துக்கொண்டு போனால் தேடிப் போக அது ஒன்றுதான் துணை. சீதேவிப்பிள்ளை நல்லரத்தினத்தின் இலக்கத்தைத் தடுமாறாமல் சொன்னாள். “எழுது” என்றாள்.

கோகிலராணி மேல்மூலத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, அட்டை இலக்கத்தை வைத்துத் தண்ணீரை ஆளோடு கட்ட எழுதிப்பார்த்த மாற்றத்தையும் கூடவே அனுப்பினாள். கிழவர் உடனே பதில் போட்டார். நோர்வேக்காரரிடம் எதிர்பார்க்கக்கூடிய சமாதானப் பேச்சு அதில் ஒரு வரிகூட இல்லை. புதிய நிரலில் தண்ணீரை நிலத்தோடு கட்டத் தேவையில்லை, ஓடும் கப்பலோடும் கட்டலாம். கப்பலுக்குப் பதில் ஆள் என்றால் சிறிய மாற்றம்தான். காரணம் நியாயமாக இருக்கிறது, எழுதியதும் சுத்தமாக இருக்கிறது, இதை நீ தனியே ஏன் சுமக்கிறாய், நானே உள்ளே சேர்த்துவிடுகிறேன் என்றிருந்தார். அந்தத் தொழிலில் இதற்கு மேல் ஒரு கௌரவம் இல்லை. மேல்மூலம் ஏற்றுக்கொண்டது பிறகு ஒட்டாக இருக்காது, நிரலின் உடம்பாகிவிடும். உலகத்தில் யார் எங்கே நிறுவினாலும் கூடவே போகும். கோகிலராணி தன் பொதியிலிருந்து பழைய ஒட்டை அழித்தாள், பதிப்பு எண்ணை மாற்றினாள், கட்டினாள், சோதித்தாள், ஏற்றினாள். முகத்துவாரத்தில் தோணிகள் மிதந்தன.

அன்று மத்தியானம் கடல் சீதேவிப்பிள்ளையின் வீட்டை விட்டு வெளியே வந்து, ஒழுங்கையால் நடந்து, வாவியில் இறங்கி, மண்டூரில் கரையேறி, சோறு தின்றுகொண்டிருந்த நல்லரத்தினத்தைச் சுற்றி முழங்காலுக்கு நின்றது. தமக்கை அவரைச் சாப்பிட்டு முடிக்க விட்டாள், அதற்கு மேல் விடவில்லை. அவர் நடந்தால் தண்ணீரும் நடந்தது. வயலுக்குப் போனார், நெல் கருகியது. வயல்காரருக்குத் தலைவரான வட்டை விதானையார் கூட்டம் வைத்து, அவர் இனி வரம்பில் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானம் எடுத்தார். நல்லரத்தினம் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் கணினிகள் லினக்ஸில்தான் ஓடின. திரும்பி வந்து படகிலேயே படுக்கத் தொடங்கினார். படகை எந்த முற்றத்தில் இழுத்து வைத்தாலும் அவர் ஏறிப் படுத்ததும் மிதந்தது. மகளின் கலியாணம் காய்ந்த வீட்டில் நல்லபடியாக நடந்தது, அவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

ஒருநாள் கோகிலராணியின் வேலிப் படலைக்கு வந்து நின்றார். “புள்ள, செஞ்சது பிழைதான். எடுத்து விடு” என்றார். வேறு யாராக இருந்தாலும் முறை சொல்லிப் பேசியிருப்பாள், அவருக்குச் சொல்லவில்லை. “அது இப்ப என்ட கையில இல்ல. மேல சேந்திட்டு. நான் செத்தாலும் ஓடும்” என்றாள். அது பொய்யில்லை. சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு கிழவர் செத்துப்போனார், நிரலை வேறு நாட்டுக்காரர் பொறுப்பெடுத்தார்கள், எத்தனையோ வெளியீடு வந்தது, ஒருவரும் அந்த வரிகளைத் தொடவில்லை.

இப்போது ஊரில் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கோகிலராணி தெருவில் கண்டால் நின்று ஒன்று மட்டும் கேட்பாள்.

“இண்டைக்கு எவ்வளவு?”

“இடுப்பு.”

“பறுவ நிலவுக்கு இன்னும் ஏறும். பயப்பிடாதீங்க, கழுத்துக்கு மேல போகாது. ஆள் தண்ணிக்குள்ள தாழாமப் பாத்துத்தான் எழுதினன்.”

அவர் தலையாட்டுவார். பின்னால் நிற்கும் மீன்காரர் தண்ணீர் அவர் இடுப்பில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவார்.