எண்பதுக்கு நேரே ஒரு கோடு

மலேசியாவின் தைப்பிங்கில் மழைக்குப் பயந்து யாரும் வேலையை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் வருடத்தில் பாதி நாள் சோறு கிடையாது. அந்த மழையாலேயே பிழைப்பவன் இட்ருஸ். பழைய கார்களின் வேகம் காட்டும் மீட்டர்களில் கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து பொடிந்துபோனால் ஈரம் உள்ளே ஏறும், கண்ணாடி வேர்க்கும், எண்கள் மங்கும். வளையத்தை மாற்றித் தருவது அவன் தொழில். ஊரில் வேறு யாருக்கும் மீட்டரைத் திறக்கத் தெரியாது. திறந்து உடைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

அன்று மீட்டரோடு வந்து நின்றவர் ஹாஜி தர்மிஸி. இட்ருஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஹாஜியின் ஒரே மகன் ஹைகல் ஓட்டிப்போன மினி கார் ஒரு லாரியின் பக்கவாட்டில் மோதியது. ஹைகல் அந்த இடத்திலேயே போய்விட்டான். பக்கத்து இருக்கையில் இருந்த ஹாஜி பிழைத்தார். லாரியை ஓட்டியவன் இட்ருஸின் தம்பி ரோஸ்லான்.

"நான் திரும்புறப்போ ரோடு காலியா இருந்துச்சு. அந்தக் கார் பறந்து வந்துச்சு" என்று கோர்ட்டில் ரோஸ்லான் கதறினான். ஹாஜி சத்தியம் செய்துவிட்டு நிதானமாகச் சொன்னார். மினியில் மீட்டர் நடுவில் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தெரியும் என்றார். தான் பார்த்துக்கொண்டேதான் வந்ததாகவும், வேகம் மணிக்கு முப்பத்தைந்து மைல்தான் என்றும் சாட்சி சொன்னார். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? ரோஸ்லானுக்கு ஆறு வருடம் கிடைத்தது.

ஊர் நம்பாதது இருக்கட்டும், இட்ருஸே தம்பியை நம்பவில்லை. "தூங்கிட்டு ஓட்டியிருப்பான், களவாணி" என்று காப்பிக் கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னான். அவன் மீட்டர் கடையிலிருந்து சிறை சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே, ஹாஜி."

"அவன் செஞ்சதுக்கு உன்மேல எனக்கு என்னப்பா கோபம்? அந்த வண்டியைப் பழையபடி ஆக்கிட்டிருக்கேன். பையன் ஞாபகமா வாசல்ல நிக்கட்டும். இந்த மீட்டர்தான் ஒரே தண்ணி. உள்ள ஒண்ணுமே தெரியல."

"கவலைய விடுங்க. பெருநாள் வீட்டு ஜன்னல் மாதிரி பளிச்சுனு ஆக்கித் தரேன்."

ஹாஜி போனபின் இட்ருஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர், பறித்தவனின் அண்ணன் கடைப்படி ஏறி வந்திருக்கிறார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டு, தம்பியை இன்னொரு தடவை சபித்தான்.

வெள்ளி விளிம்பின் மடிப்பை மழுங்கிய கத்தியால் சுற்றிச் சுற்றி நிமிர்த்தினான். உள்ளே ரப்பர் பாதி நொறுங்கியது, பாதி தாராகி விரலில் ஒட்டியது. கண்ணாடியை எடுத்தால் எண்கள் எழுதிய கறுப்பு முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. எண்பது என்ற எண்ணுக்கு நேரே ஒரு அரிசி நீளத்துக்கு நேரான கோடு. அதையும் பூஞ்சைக் கணக்கில் சேர்த்துவிட்டான். பஞ்சை எச்சில் தொட்டு ஒரே சுற்றில் முகம் முழுவதும் துடைத்தான். முப்பது வருடமாக அவன் கை செய்கிற வேலை அது, மூளையைக் கேட்டுச் செய்வதில்லை.

பஞ்சைத் தூக்கி எறியப்போனவன் நின்றான். துடைத்தால் பூஞ்சை பஞ்சில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக வரும். இதில் ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில் பொடிப்பொடியாக இருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து ஊசியைப் பார்த்தான். நுனியின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் பெயர்ந்து பித்தளை தெரிந்தது.

கார் மோதுகிற நொடியில் ஊசி நிற்கிற இடத்திலேயே முகத்தில் ஒரு அடி அடிக்கும், பெயின்ட் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மோதிய வண்டிகள் இரண்டில் அவனே அதைப் பார்த்திருக்கிறான். எங்கே அடித்தது என்று ஊசி சொல்லாது. முகம்தான் சொல்லும். முகத்தைத்தான் துடைத்துவிட்டான்.

எண்பது மைல். விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் தொழில் அவ்வளவு சுத்தம்.

மறுநாள் ஹாஜி வந்தார். புது வளையம் போட்டு மூடிய மீட்டரை நீட்டியபடி இட்ருஸ் கேட்டான்.

"அன்னிக்கு எவ்வளவு வேகம், ஹாஜி?"

"கோர்ட்ல சொன்னதுதான். ஏன், உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"எண்பதுக்கு நேரா ஒரு கோடு. பூஞ்சைன்னு நினைச்சுத் துடைச்சுட்டேன்."

ஹாஜி மீட்டரை வாங்கி, கண்ணாடியில் எண்பதுக்கு மேலே விரலை வைத்தார்.

"பையன் போயிட்டான், இட்ருஸ். பேராவது நல்ல பேரா இருக்கட்டும்."

"என் தம்பி உயிரோட இருக்கானே, ஹாஜி!"

ஹாஜி கூலியை மேசையில் வைத்துவிட்டு, மீட்டரைச் சட்டைக்குள் அணைத்தபடி மழையில் இறங்கிப் போனார்.

அடுத்த பார்வை நாளில் இட்ருஸ் சிறைக்குப் போனான். தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவனை முதலில் அடையாளமே தெரியவில்லை. பாதி ஆளாகியிருந்தான் ரோஸ்லான்.

"என்ன அபாங், வழி தவறி வந்துட்டியா?" அண்ணனை அவன் அபாங் என்றுதான் கூப்பிடுவான்.

இட்ருஸ் எல்லாவற்றையும் கொட்டினான். "நீ சொன்னது நிஜம்டா. எண்பதுல வந்திருக்கான். என் கண்ணால பார்த்தேன்."

"அதை நான் மூணு வருஷமா சொல்றேன். புதுசா என்ன?"

"கோடு போச்சுடா. தெரியாம துடைச்சுட்டேன். ஆனா விடமாட்டேன், வக்கீலைப் பார்க்கிறேன். ஜட்ஜ் முன்னாடி நின்னு நானே சொல்றேன்."

"லாரிக்காரனோட அண்ணன் சொல்றதை எவன் நம்புவான்?"

"நம்ப வைக்கிறேன்டா."

ரோஸ்லானுக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்புதான் தெரிந்தது. "உன்கிட்ட நான் வாயால சொன்னேன், அபாங். அழுது சொன்னேன். நீ என்னை நம்பல. மீட்டரைத்தான் நம்புற."

பார்வை நேரம் இன்னும் பாதி மீதமிருந்தது. ரோஸ்லான் எழுந்து, போதும் என்று காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான்.