முப்பத்துமூன்றாவது வீடு

ஹிக்கரி பெண்ட் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துத் தலைவி ஆர்லீன் ஹோஸ்டெட்லர் 2009 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு இறந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். சனிக்கிழமை காலை அவர் எங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, வடிகால் கம்பித் தட்டியில் அடைத்திருந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். சவப்பெட்டியில் வைக்கும்போது உடுத்திவிட்ட அதே நீல கவுன், காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ். எதிர்ப்பட்டவர்களிடம் வழக்கம்போல, "குப்பைத் தொட்டி செவ்வாய்க்கிழமைலேர்ந்து வெளியிலயே நிக்குது, உள்ள எடுத்து வைங்க" என்றார். ஓஹையோவில் எங்கள் பக்கம் மார்ச் மாதத்தில் வெயில் அடித்தால்தான் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். இதற்கு யாரும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. சங்கத்து வக்கீல் மட்டும் விதிப்புத்தகத்தைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஏழாம் பிரிவு: தலைவர், அடுத்தவர் முறைப்படி தேர்ந்தெடுக்கப்படும்வரை பதவியில் நீடிப்பார். "உயிரோட இருக்கணும்னு எங்கயும் போடலையே" என்று சொல்லிவிட்டு வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது என்ன லேசான காரியமா? எங்களுக்கு மொத்தம் அறுபத்துநாலு வீடுகள். கூட்டம் செல்லுபடியாக முப்பத்துமூன்று வீட்டுக்காரர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக அத்தனை பேர் கூடியது 1998இல், நீச்சல்குளம் வேண்டுமா வேண்டாமா என்று அடித்துக்கொண்டபோது. அதன் பிறகு ஒவ்வொரு அக்டோபரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போடுவார்கள், பதினாலு பேர் வருவோம், அதில் ஒன்பது பேர் டோனட்டுக்காக வருவது ஊருக்கே தெரியும். ராஜினாமா செய்வதென்றாலும் அதையும் செல்லுபடியான கூட்டம்தான் ஏற்க வேண்டும். ஆக, ஆர்லீன் செத்தும் தலைவியாகவே இருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, என்ன உழைப்பு! உயிரோடு இருந்தபோதே ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதும், நுழைவாயில் பலகைக்கு வர்ணம் அடிப்பதும், அளவுகோலோடு குனிந்து யார் வீட்டுப் புல் எட்டு அங்குலம் தாண்டியது என்று பார்ப்பதும் அந்த அம்மாள் ஒருத்திதான். செத்த பிறகு தூக்கமும் இல்லை, குளிரும் இல்லை. பனி கொட்டும் நாளில் கோட்டுகூட இல்லாமல் நடைபாதையை வழித்துவிடுவார். வாத்துக் கூட்டம் அவர் தலையைக் கண்டால் பக்கத்துக் குடியிருப்புக்குப் பறந்துவிடும். 2012 ஜூனில் ஒரே நாளில் ஐந்து அங்குல மழை கொட்டியபோது, வடிகால் குழாய் வாயிலேயே போய் நின்றுகொண்டார். தலைக்கு மேல் தண்ணீர். மூச்சு விட வேண்டிய கட்டாயம் இல்லாததால் காலையிலிருந்து சாயங்காலம்வரை அடியிலேயே நின்று, வந்த கிளைகளையெல்லாம் இழுத்து இழுத்துக் கரையில் எறிந்தார். சுற்றுவட்டாரத்தில் எல்லோர் வீட்டுக் கீழ்த்தளமும் மூழ்கியது. எங்கள் அறுபத்துநாலில் ஒன்றிலும் சொட்டு ஈரம் இல்லை. அன்றைக்கு நான் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தேன். அப்படி ஒரு மனுஷியை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

அவருக்குச் சரிக்குச் சரியாக நின்றவர் இருபத்தேழாம் நம்பர் வீட்டு டுவைட் கூம்ப்ஸ். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். தபால் பெட்டிகள் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது சங்க விதி. டுவைட் தன் பழைய லாரியின் நினைவாகப் பெட்டிக்குப் பளீரென்று ஆரஞ்சு அடித்திருந்தார். ஆர்லீன் உயிரோடு இருந்தபோது நாற்பத்தொரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார், செத்த பிறகு இன்னும் அறுபது. பிந்தையவற்றிலெல்லாம் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும். அத்தனையையும் டுவைட் கராஜ் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். விதி மீறிய வீட்டுக்கு ஓட்டும் கிடையாது. கூட்டத்துக்கு வரலாம், டோனட் தின்னலாம், ஆனால் தலைக்கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

"செத்தும் விட மாட்டீங்களா அம்மணி?" என்று டுவைட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்.

"பெட்டி இன்னும் ஆரஞ்சாத்தானே இருக்கு?" என்பார் ஆர்லீன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

2015 மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், டுவைட் தன் அம்மாவின் கல்லறையைப் பார்க்கப் போனார். நாலு வரிசை தள்ளி ஆர்லீன் மண்டியிட்டு, வாளியும் பிரஷுமாக ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரட்டைக் கல். இடது பக்கம் அவர் கணவர் மெர்ல். வலது பக்கம் அவருடைய பெயரே, இறந்த தேதியோடு.

"என்ன, உங்க கல்லை நீங்களே கழுவறீங்க?"

"வேற யாரு கழுவுவா? இது ஒண்ணும் பொதுச் சொத்து இல்லையே." பிரஷை வாளியில் போட்டார். "மெர்ல் பக்கத்துல படுக்கணும்னுதான் இந்த இடத்தை வாங்கிப் போட்டேன் டுவைட். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு ராத்திரிதான் படுத்தேன். அவருக்கு முதுகுப் பக்கம் குளிரும், நான் இல்லேன்னா தூக்கம் வராது." பிரஷை மறுபடி எடுத்து உதறினார். "உங்களுக்குத்தான் களைப்பே இல்லையேன்னு எல்லாரும் சொல்றாங்க. உடம்புல இல்லைதான். மனசு தவிக்குது."

மறுநாளிலிருந்து டுவைட் வீடு வீடாக ஏறி இறங்கினார். அக்டோபர் கூட்டத்துக்கு வாருங்கள், அந்த அம்மாளை விடுவிப்போம் என்று. நாங்கள் என்ன செய்தோம்? மழுப்பினோம். எட்டாம் நம்பர்க்காரர் நேராகவே கேட்டுவிட்டார், "அவங்க போயிட்டா குழாய்க்குள்ள யாருப்பா இறங்குவா? நீயா?"

"நான்தான்" என்றார் டுவைட். யோசிக்காமல் சொல்லிவிட்டதாகப் பிறகு தன் மனைவி ரொண்டாவிடம் ஒப்புக்கொண்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் முதலில் கதவைச் சாத்தினவன்தான். என் கீழ்த்தளத்தில் புதுக் கம்பளம் விரித்திருந்தேன். ஆனால் டுவைட் விடவில்லை. கோடை முழுக்க வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து, அந்த ஒரே ஒரு ராத்திரி கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூடினோம். செயலாளர் கையெழுத்துகளை மூன்று முறை எண்ணினார். முப்பத்திரண்டு.

"என்னைச் சேத்தா முப்பத்துமூணு, ஆரம்பிங்க" என்றார் டுவைட்.

மேடையிலிருந்து ஆர்லீன் சொன்னார், "உங்க வீடு கணக்குல வராது டுவைட். தபால் பெட்டி."

அவ்வளவுதான், கூடமே கொந்தளித்தது. ரொண்டா எழுந்து, "உங்களை அனுப்பி வைக்கத்தானே இவ்வளவு பாடும்! ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டா என்ன ஆர்லீன்?" என்று கத்தினார்.

"மூடத்தானே நானும் ஆசைப்படறேன்" என்றார் ஆர்லீன். "விதியை வளைச்சு நடத்தினா தேர்தல் செல்லாது. நாளைக்குக் காலைல திரும்பவும் குளத்துல வந்து நிப்பேன்."

டுவைட் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே நடந்தார். நாங்கள் எல்லோரும் கையில் டோனட்டோடு பின்னாலேயே போனோம். கராஜிலிருந்து கறுப்பு வர்ணத்தை எடுத்து வந்து, பதினேழு வருஷத்து ஆரஞ்சின் மேல் அடித்தார். ஆர்லீன் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அடியில விட்டுட்டீங்க."

"அடப் பாவி மனுஷி!" என்று சொல்லிவிட்டு டுவைட் புல்லில் மல்லாந்து படுத்து அடிப்பக்கத்தையும் அடித்தார். தாடியெல்லாம் வர்ணம் சொட்டியது. ஆர்லீன் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். "இருபத்தேழாம் நம்பர். நல்ல நிலையில் உள்ளது" என்று படித்தபோது அவர் குரல் நடுங்கியது. செத்தவர் குரலும் நடுங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

கூடத்துக்குத் திரும்பினோம். டுவைட் பெயரை நான் முன்மொழிந்தேன். ரொண்டா அழுதுகொண்டே வழிமொழிந்தார். எதிர்ப்பவர்கள் யாராவது உண்டா என்று ஆர்லீன் ஒழுங்காகக் கேட்டார், ஒழுங்காகக் காத்திருந்தார். "நிறைவேறியது" என்றார். நாற்காலியில் சங்கத்துச் சாவிக்கொத்து இருந்தது, கீழே ரப்பர் பூட்ஸ் இருந்தது, அவர் இல்லை. வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. பூட்ஸ் காலில் நுழையாததால் டுவைட் வெறுங்காலோடு குளத்துக்குப் போனார்.

டுவைட் தன் பங்குக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் மாரடைப்பில் போனார். வியாழக்கிழமை அடக்கம், வெள்ளிக்கிழமை காலை கம்பித் தட்டியில் இருந்தார், தலையில் ஆரஞ்சுத் தொப்பியோடு. "உயிரோட இருந்தப்பவும் ஒரு இடத்துல படுக்க மாட்டார்" என்று ரொண்டா சொல்லிச் சிரிக்கிறார், ஆனால் ராத்திரி அவர் வீட்டு விளக்கு அணைவதில்லை. போன அக்டோபர் கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர்தான் வந்தோம். நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது, ஓரத்தில் மண்: குப்பைத் தொட்டி மூன்று நாளாக வெளியே நிற்கிறதாம். உடனே போய் உள்ளே இழுத்து வைத்தேன். இந்த அக்டோபரில் என் வீடும் கணக்கில் வர வேண்டும்.