எஞ்சின் பிடித்த கை

பிபின் மஸ்கட்டிலிருந்து ஒரு பழைய கணிப்பொறியும் அதற்கு ஒரு ஜாய்ஸ்டிக்கும் கொண்டு வந்தான். நேரில் அண்ணன் என்று கூப்பிடுவேன். எழுதும்போது அவன் போதும். கடியப்பட்டணம் கோயிலுக்குப் பின்னால் கடை போட்டு விமான விளையாட்டு வைத்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் கடையைக் கூட்டித் துடைக்கப் போனேன். அது வீட்டில் சொன்ன காரணம். ஊரில் வேறு எங்கும் என்னைக் கணிப்பொறியின் பக்கத்தில் விடமாட்டார்கள்.

ஜாய்ஸ்டிக்கோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. பிபின் அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் தெரியாதவன் என்றாகிவிடும். நான் படம் பார்த்தும் எழுத்துக்கூட்டியும் படித்தேன். ஜாய்ஸ்டிக் குச்சியின் அடியில், ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழைப் போல இரண்டு இருக்கின்றன. ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது முன் பின்னுக்கு. குச்சி சாய்ந்தால் குமிழ் திரும்பி மின்சாரம் கூடும், குறையும். குழாயைத் திறந்த அளவுக்குக் குடம் நிறைவதுபோல உள்ளே மின்சாரம் நிறையும் நேரத்தை எண்ணித்தான், குச்சி எங்கே நிற்கிறது என்று கணிப்பொறி கண்டுபிடிக்கும். இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாரோ ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள்.

வெளியே இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. விமானம் தானாக ஒரு பக்கம் சாய்ந்தால் அவற்றைத் திருகி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அவை சத்தம் கூட்டுவதற்கு என்று பிபின் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினான். அவன் திருகிக் கெடுத்ததை நான் தினமும் காலையில் சரிசெய்து வைப்பேன்.

வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள்தான் ஆட வந்தார்கள். ஒருவர் விமானமும் தரை இறங்கவில்லை.

“லே பிபினு, இடத்தோட்டுப் போவத் தள்ளுதேன், இது வலத்தோட்டுல்லா போவுது” என்றார் யேசுரத்தினம்.

“எல்லாம் இவளுக்க வேலை. ஈரத்துணி வச்சுத் தொடைக்கா” என்று பிபின் என் பக்கம் திரும்பினான். “ஏட்டி பிரிஜா, பத்தாம் திருவிழாவுக்கு நான் வைக்குத போட்டிக்குள்ள இது சரியாவல்லண்ணா நீ மீன் காயப்போடப் போய்க்கோ.”

காரணம் என் துணியில் இல்லை. வள்ளத்து எஞ்சினின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். இருபது வருடம் அதைப் பிடித்த கை இங்கேயும் அதையே செய்கிறது. அவர்கள் தள்ளுவதைப் பார்த்தாலே தெரியும். பிபினும் ஆறு வருடம் வள்ளத்தில் போனவன், அவனும் அப்படியே தள்ளித் திரையில் விமானத்தைக் கடலில் போட்டான்.

மறுநாள் மீன் விற்கும் விக்டோரியா அக்கா தலையிலிருந்த மீன் சருவத்தை வாசலில் இறக்கிவிட்டுச் சும்மா குச்சியைப் பிடித்தாள். கடலுக்குப் போகாத கை. விமானம் அவள் நினைத்த பக்கம் போனது.

“இதுக்கா இத்தன ஆம்பிளைய நின்னு அழுதிய?” என்றாள்.

“சும்மா ஒரு அதிர்ஷ்டம்” என்றான் பிபின்.

அன்று மத்தியானம் அவன் சாளைக் குழம்பு தின்றுவிட்டு உறங்கினான். செல்போன் பழுதுபார்க்க வைத்திருந்த சால்டரிங் அயனைச் சூடாக்கினேன். இடம் வலத்துக்கான குமிழின் ஓரத்தில் இருந்த வயரை எடுத்து எதிர் ஓரத்தில் பற்றவைத்தேன். ஒரே ஒரு வயர். இப்போது குச்சி எஞ்சின் கைப்பிடியைப் போலத் திரும்பியது. சாயங்காலம் யேசுரத்தினம் பிசகில்லாமல் தரை இறக்கினார்.

“நீயா மக்கா சரியாக்கின?”

“மஸ்கட்ல இதெல்லாம் கண்ண மூடிட்டுச் செய்வேன்” என்றான் பிபின். அவன் அதை நம்பவும் செய்தான் என்பதுதான் கேவலம்.

பத்தாம் திருவிழாவுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டான். “போட்டிக்குப் பாதர் வருவாரு. தொடைக்குத பிள்ள எடையில நிக்காண்டாம். நாளையில இருந்து வராண்டாம், கேட்டியா?”

“சரி அண்ணா.”

அவன் உறங்கும்வரை காத்திருந்து, வயரை அதன் பழைய இடத்திலேயே பற்றவைத்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோயில் முற்றத்தில் நடந்த போட்டியைப் படியில் நின்று பார்த்தேன். பதினோரு வள்ளக்காரர்களின் விமானமும் கடலில் விழுந்தது. பரிசான பிரஷர் குக்கரை விக்டோரியா அக்கா சருவத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். கூட்டத்தின் நடுவில் பிபின் அந்தச் சக்கரங்களைத் திருகிக்கொண்டிருந்தான். சத்தம் கூடவில்லை.